பீலிக்குக் கீழே நட்ட புல்

அரசாங்கப் புல் பண்ணை,
நானுஓயா.
11.02.1962

அன்பு அக்கா மீனம்மாவுக்கு,

தம்பி அழகன். இங்கே குளிரில் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. அதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முதுகுவலி எப்படி? மச்சானுக்கு இருமல் விட்டதா? பிள்ளை வீரம்மா இன்னும் மண் தின்கிறாளா?

இந்தக் கடிதத்தோடு தோட்டத்துத் தலைவர் ஆண்டியப்பன் அண்ணன் கையில் ஒரு சாக்குப் பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உள்ளே கரும்புத் துண்டு போல இருக்கும். ஆசைப்பட்டுக் கடித்துவிடாதே, அது புல். யானைப் புல்லில் ஒரு புதுச் சாதி, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. எங்கள் ஆராய்ச்சி ஐயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்துக்காரர். எந்தப் புல்லைத் தின்றால் மாட்டுக்கு வயிறு மட்டும் நிறையும், எதைத் தின்றால் உடம்பில் ஒட்டும் என்று பார்ப்பதுதான் அவர் வேலை. புல்லை வெட்டி, நிறுத்து, அடுப்பில் காயவைத்து, பொடியாக்கி அவர் மேசையில் வைப்பது என் வேலை. மிஞ்சிய தண்டுகளை அவரே என்னிடம் கொடுத்து, "கொண்டுபோ, தோட்டத்து மாடுகளும் திண்டு பாக்கட்டும்" என்றார்.

இந்தக் குளிருக்கு இது முக்கி முக்கித்தான் வளர்கிறது. பூண்டுலோயாப் பக்கம் நன்றாக வரும். தண்டைச் சாய்த்து நடு, ஒரு கணு மண்ணுக்குள் இருக்கட்டும். உன் சினை மாடு செவலைக்கு இது வயிற்றுப் பிள்ளைக்காரிச் சாப்பாடு.

உன் பக்கத்து அறை கந்தப்பன் மாமாவைக் கேட்டதாகச் சொல். மேட்டு லயத்து மாட்டுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர், அவரிடமும் இந்தப் புல்லைக் காட்டு. ஆவணியில் எனக்கு மாமனாராகப் போகிறவர், இப்போதே கொஞ்சம் பெருமைப்படட்டும். அம்மாக்கண்ணுவிடம் தனியாக ஒன்றும் சொல்ல வேண்டாம். உன்னிடம் சொன்னால் லயத்தில் அறை அறையாகப் போய்ச் சொல்லிவிடுவாய்.

குளிரிலும் உங்களை நினைத்துக்கொண்டிருக்கும்,
அழகன்


மேட்டு லயம்,
பூண்டுலோயா.
25.03.1962

தம்பி அழகனுக்கு,

உன் கடுதாசியும் குச்சியும் வந்து சேர்ந்தன. நாங்கள் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் மச்சான் இருமிக்கொண்டே நடமாடுகிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கம்பளியை விற்றுவிடவில்லையே?

குச்சியைப் பார்த்து லயமே சிரித்தது. "படிச்ச தம்பி அக்காவுக்கு வெறகு அனுப்பியிருக்கான்" என்றாள் கடைக்கோடி அறைக்காரி. இப்போது வந்து பார்க்கச் சொல்! முழங்கால் உயரம் வந்துவிட்டது. எங்கே நட்டேன் தெரியுமா? நாம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குக் கீழே, தண்ணீர் வழிந்தோடும் கான் ஓரமாக. உரம் போடுகிற மாதம் முடிந்தால் லயத்துப் பெண்களெல்லாம் உரச்சாக்கை அந்தப் பீலியில்தானே அலசுவோம்! தேயிலைச் செடி இடுப்பை நனைக்காமல் இருக்கப் படங்கு கட்டச் சாக்கு வேண்டாமா? அலசிய தண்ணீர் முழுக்க அந்தக் கானில்தான் போகும். அங்கே கல்லை நட்டாலும் முளைக்கும். துரை தேயிலைக்குப் போடுகிற உரத்தில் என் மாட்டுக்கும் பங்கு. உன் ஐயாவுக்கு இந்த மூளை வருமா?

கந்தப்பன் மாமா புல்லை முகர்ந்து பார்த்து, "தண்டு இனிக்குது, மாடு விடாது" என்றார். அம்மாக்கண்ணு தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம் அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். புல்லையா பார்க்கிறாள், அனுப்பியவனையா என்று நான் கேட்டேன். குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

நீயும் உன் புல்லும் நன்றாக இருங்கள்.
அக்கா மீனம்மா


நானுஓயா.
20.05.1962

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லாம் சுகம். அங்கே மழை பிடித்திருக்கும், அட்டைக்கு உப்புத்துணி கட்டாமல் கொழுந்தெடுக்க மலைக்குப் போகாதே.

உன் சாக்குத் தண்ணீர்க் கதையை ஐயாவிடம் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஆள் அகப்படவில்லை, கொழும்புக்குப் போயிருக்கிறார். ஆனால் எனக்கே தெரிந்த விஷயம் ஒன்று சொல்கிறேன். உரம் தின்ற புல்லில்தான் சத்து அதிகம். இங்கே நான் நிறுத்துப் பொடியாக்குகிறதில் எது கரும்பச்சையோ அதற்குத்தான் கணக்கில் முதல் இடம். ஆகவே நீ செய்தது நல்ல யோசனை. கானோரப் புல் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு நல்லது. பயப்படாமல் வயிறு நிறையப் போடு.

செவலை கன்று போட்டதும் எழுது. கிடாரி என்றால் எனக்கு, காளை என்றால் மச்சானுக்கு.

கலியாணத்துக்கு லீவு கேட்டுவிட்டேன். மாமாவிடம் சொல்.

உன் அழகன்


பூண்டுலோயா.
15.07.1962

தம்பி அழகனுக்கு,

இங்கே ஓயாத மழை. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆவணியில் கலியாணம் வேண்டாம். லீவை வேறு எதற்காவது வைத்துக்கொள். காரணம் கேட்டு எழுதாதே.

புல் குச்சி இனி அனுப்ப வேண்டாம்.

மீனம்மா


நானுஓயா.
22.07.1962

அக்கா,

உன் முதுகுவலி, மச்சான் இருமல், வீரம்மா மண் தின்பது எல்லாவற்றையும் பிறகு விசாரிக்கிறேன். இது என்ன கடுதாசி? நாலு வரி எழுதி என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, காரணம் கேட்காதே என்றால் எப்படி?

அம்மாக்கண்ணுவுக்கு என்னைப் பிடிக்கவில்லையா? மாமா ஏதாவது சொன்னாரா? நான் இங்கே ஏதோ தப்பு நடக்கிறேன் என்று யாராவது மூட்டிவிட்டார்களா? செவலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, அது கன்று போட்டதா இல்லையா? நீ கோபமாக இருந்தால் நாலு பக்கம் திட்டி எழுதுகிறவள். நாலு வரியோடு நிறுத்தினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

அழகன்


பூண்டுலோயா.
19.08.1962

தம்பி அழகனுக்கு,

உன் கடுதாசியை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். இனி முடியாது. உட்கார்ந்து படி.

செவலை செத்துப்போய்விட்டது. வயிற்றுக் கன்றோடு.

ஆனி மாதம், உரம் போட்டு முடித்த மறுவாரம். சூரியனைக் கண்டே நாளாகியிருந்தது, ஒரே மூட்டம். காலையில் கூடை நிறையப் புல் அறுத்துப் போட்டுவிட்டு மலைக்குப் போனேன். பகல் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் செவலை வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. நாக்கு நீலம் பூத்துவிட்டது, கால் பின்னுகிறது. ஐயோ என்று கத்தினேன். கந்தப்பன் மாமா ஓடி வந்தார். இஞ்சியும் மிளகும் வசம்பும் அரைத்து மூங்கில் குழாயில் புகட்டினார். காதைக் கீறிவிட்டார். வந்த ரத்தத்தைப் பார்த்து எல்லோரும் பின்னால் நகர்ந்துவிட்டோம். பால் விடாத வறக்காப்பி நிறம், அழகா! அப்படி ஒரு ரத்தத்தை நான் கண்டதில்லை. மருந்து இறங்கிய கொஞ்ச நேரத்தில் விழுந்து, உதைத்து, அடங்கிவிட்டது.

அதற்கு முந்தின நாள்தான் மாமாவுடைய மாடு வெள்ளச்சி என் புல்லுக்குள் வாய் வைத்தது. நான் சத்தம் போட்டேன். அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "இந்தப் புல்லத் தின்னுதான் உன் மாடு பொழச்சிரப் போகுதோ?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவர் கை மருந்தில் செவலை செத்தால் லயத்தில் பேச்சு எழாதா? எழுந்தது. மாமா விஷம் வைத்துவிட்டார் என்றார்கள்.

தலைவர் ஆண்டியப்பன், "ஆளாளுக்குப் பேச வேணாம். மாரியம்மன் கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்ணட்டும், அதோட முடிஞ்சிரும்" என்றார். மாமா வந்தார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "நான் குடுத்தது மருந்து. வெசம் வச்சிருந்தா ஆத்தா என் தொழுவத்துல கை வைக்கட்டும்" என்றார். அத்தோடு எல்லோரும் திருநீறு பூசிக்கொண்டு சமாதானமானோம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சம்பந்தியாகப் போகிறவரைக் கோயிலில் நிறுத்திவிட்டோமே என்று இருந்தது. மாடு போன பிறகு புல் எனக்கு எதற்கு? கான் ஓரம் நின்றதையெல்லாம் அறுத்துத் தலைச்சுமையாகக் கட்டி, நானே கொண்டுபோய் அவர் வாசலில் இறக்கினேன். "வெள்ளச்சிக்குப் போடுங்க மாமா" என்றேன். கண் கலங்கி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வெள்ளச்சி செத்துப்போய்விட்டது. அதே மாதிரி மூச்சு வாங்கி, அதே மாதிரி விழுந்து.

நான் என்ன எழுத? சத்தியம் பண்ணிய ஈரம் காயவில்லை, ஆத்தா அவர் தொழுவத்தில் கை வைத்துவிட்டாள். அவர் கேட்டபடியே வைத்துவிட்டாள். பொய்ச் சத்தியக்காரன் இருக்கிற லயத்தில் மழை பெய்யாது, பிள்ளை தங்காது என்றார்கள். பீலியில் அம்மாக்கண்ணு குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு காலையில் பார்த்தால் அவர்கள் அறை திறந்து கிடக்கிறது. றொசல்லையில் அவர் தங்கை இருக்கிற தோட்டத்துக்குப் போய்விட்டார்களாம்.

அந்த வீட்டில் பெண் எடுக்க முடியாது, தம்பி. மறந்துவிடு.

தாயாய் வளர்த்தவள்,
மீனம்மா


நானுஓயா.
24.08.1962

அக்கா,

கடிதம் கிடைத்தது. எத்தனை தடவை படித்தாலும் அதேதான் எழுதியிருக்கிறது.

மாமாவா? கன்று போட முடியாத மாட்டுக்காக ராத்திரியெல்லாம் தொழுவத்தில் கிடக்கிற மனிதரா? எனக்கு நம்ப முடியவில்லை. ஆனால் ஆத்தாளே சொன்ன பிறகு நான் யார்? லீவை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குக் கொஞ்ச நாள் எழுதாதே.

அழகன்


நானுஓயா.
30.09.1962

அக்கா,

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் செய்ய வேண்டியது ஒன்று. கான் ஓரத்தில் அந்தப் புல் துளிர்த்திருந்தால் ஒரு மாட்டையும் அண்டவிடாதே. யாருக்கும் அறுத்துக் கொடுக்காதே. மிச்சத்தைப் பிறகு படி.

யாரும் விஷம் வைக்கவில்லை, அக்கா. நாம்தான் கொன்றோம்.

போன வாரம் எங்கள் பண்ணையில் இரண்டு கிடாரிகள் செத்துவிட்டன. இங்கே ஒரே புல்லை வரிசையாகப் பாத்தி கட்டி நட்டிருக்கிறோம். முதல் பாத்திக்கு உரமே இல்லை, போகப் போக உரம் கூடும், கடைசிப் பாத்திக்குக் கொட்டோ கொட்டென்று கொட்டியிருக்கும். அது நிறுத்துப் பார்க்க மட்டும்தான், மாட்டுக்கு இல்லை. நல்லமுத்து என்று ஒரு ஆள் புதிதாக வந்திருக்கிறான். கரும்பச்சையாக இருக்கிறதே என்று கடைசிப் பாத்தியில் அறுத்துத் தொழுவத்தில் போட்டுவிட்டான். இங்கேயும் வாரக்கணக்காக மூட்டம்தான். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் கிடாரிகள் மூச்சு வாங்க ஆரம்பித்தன. நாக்கு நீலம். கால் பின்னியது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அக்கா. நீ எழுதியதை யாரோ என் கண் முன்னால் நடத்திக் காட்டுவது போல இருந்தது.

சோமசுந்தரம் ஐயா ஓடி வந்து கழுத்து நரம்பில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். வறக்காப்பி நிறம்.

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். ஐயா மாட்டுக்காக அழுகிறேன் என்று நினைத்தார். செவலையையும் வெள்ளச்சியையும் சொன்னேன். "புல்லு எங்க நிண்டது? ஆர் உரம் போட்டது?" என்று கேட்டார். பீலியையும் சாக்கு அலசுவதையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உரம் கூடினால் புல்லு அதைக் குடிச்சு தண்டுக்குள்ள வைச்சிருக்கும். நைட்ரேட் எண்டு சொல்லுறது. வெயில் எறிச்சால் அது சத்தா மாறிப்போகும். வெயில் இல்லாட்டி அப்பிடியே நிக்கும். மாட்டின்ர வயித்துக்க போய் ரத்தத்தைக் கெடுத்துப்போடும். பிறகு எவ்வளவு மூச்செடுத்தாலும் அந்த ரத்தம் மூச்சைப் பிடிக்காது" என்றார்.

இப்போது யோசித்துப் பார். பங்குனி சித்திரையில் தின்றபோது செவலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனியில் உரம் போட்டு முடித்ததும் லயமே சாக்கு அலசியது. அந்தத் தண்ணீரைக் குடித்த புல்லை, வெயிலே இல்லாத வாரத்தில் நீ அறுத்தாய். அதே புல்லை மாமா வாசலில் இறக்கினாய். மாமா புகட்டிய இஞ்சி மிளகு ஒரு பாவமும் செய்யவில்லை. ஆத்தாளும் அவர் தொழுவத்தில் கை வைக்கவில்லை.

கறுத்த புல் நல்லது, வயிறு நிறையப் போடு என்று எழுதியவன் நான். அதை நினைத்தால் எனக்கு எழுந்து நிற்கவே கூசுகிறது.

மாமாவுக்கும் றொசல்லைக்கு எழுதுகிறேன். நீ லயத்தில் எல்லோரிடமும் இதைப் படித்துக் காட்டு. இன்றே காட்டு.

அழகன்


றொசல்லை.
21.10.1962

தம்பி அழகனுக்குக் கந்தப்பன் சொல்ல எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் நானும் மகளும் இருக்கிறோம். நீங்களும் அவ்விடம் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை அம்மாக்கண்ணு திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினாள். மூட்டமும் புல்லும் ரத்தமும் விளங்கியது. வெள்ளச்சி செத்த அன்றிலிருந்து நான் என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். வசம்பு கூடிப்போய் செவலையைக் கொன்றுவிட்டேனோ, தெரியாமல் பொய்ச் சத்தியம் பண்ணிவிட்டேனோ, அதற்குத்தான் ஆத்தா கேட்டுவிட்டாளோ என்று. இங்கே வந்த பிறகு எந்த மாட்டையும் நான் தொடவில்லை. போன மாதம் கீழ் லயத்தில் ஒரு கன்றுக்கு வயிறு ஊதி, என்னை வந்து கூப்பிட்டார்கள். போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த வியாதி, தெரிந்த மருந்து. கை வரவில்லை. கன்று என் கண் முன்னால் செத்தது.

நீங்கள் எழுதியதற்கு நன்றி. ஆனால் காகிதத்தில் வந்தால் போதுமா? ஆத்தா முன்னால் போன பெயர் ஆத்தா முன்னால்தான் திரும்ப வேண்டும்.

கந்தப்பன்

இதற்குக் கீழே நான் எழுதுகிறேன், அப்பாவுக்குத் தெரியாது. அப்பாதான் விஷம் வைத்தார் என்று முதலில் விரலை நீட்டியது யார் என்று உங்கள் அக்கா எழுதினார்களா? எழுதியிருக்க மாட்டார்கள். மற்றபடி நான் சுகம்.

க. அம்மாக்கண்ணு


நானுஓயா.
25.10.1962

அக்கா,

மூன்று வாரமாக உன் பதில் இல்லை. இதற்குள் றொசல்லையிலிருந்து வந்த கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அடியில் இருப்பதையும் படி.

பேச்சு எழுந்தது, பேச்சு எழுந்தது என்று எழுதினாயே. எழுப்பியது நீயா? செவலையைக் காப்பாற்ற ஓடி வந்த மனிதரைப் பார்த்து நீயா சொன்னாய்? அதனால்தானா என் கடிதத்தை நீ யாருக்கும் படித்துக் காட்டவில்லை?

ஒன்றரை வருஷமாக மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று மாமா என்னைக் கூப்பிட்ட வாய். இந்தக் கடிதத்தில் தம்பி என்று எழுதச் சொல்லியிருக்கிறது. நீங்கள், உங்கள் என்கிறது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கறுத்த புல் நல்லது என்று எழுதிய தப்பு என்னுடையது. ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்து லயத்துக்கு நடுவே நின்று சொல்லத் தயார். ஆனால் நான் சொன்னால் தீராது என்று மாமா சொல்கிறார். யார் சொன்னால் தீரும் என்று உனக்குத் தெரியும்.

அழகன்


பூண்டுலோயா.
25.11.1962

தம்பி அழகனுக்கு,

இடது கையால் எழுதுகிறேன், கோணல் மாணலாக இருக்கும். உன் மச்சான் சுகம். என்னைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் கீழே இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன், பதறாதே.

ஆமாம். நான்தான் சொன்னேன். செவலை விழுந்ததும் எனக்குக் கண்ணும் தெரியவில்லை, காதும் கேட்கவில்லை. "பாவி, வெசத்த வச்சிட்டியே" என்று அவர் குழாயைப் பிடுங்கி எறிந்தேன். என் வாயிலிருந்து வந்ததைத்தான் லயம் வாங்கிக்கொண்டது. உன் புரட்டாசிக் கடிதம் வந்தபோது அடுப்பில் போடக்கூட எடுத்தேன். போட முடியவில்லை. அம்மாக்கண்ணு எழுதியதைப் படித்த பிறகு என் முகத்தை எனக்கே காட்ட முடியவில்லை. வெட்கம் கெட்டவளாக இருப்பதை விட வாயைத் திறந்துவிடலாம் என்று தோன்றியது.

தலைவரிடம் போய், வெள்ளிக்கிழமை கோயிலில் ஆட்களைக் கூட்டுங்கள் என்றேன். வந்தார்கள். உன் கடிதத்தைப் படித்தேன். சிரித்தார்கள். கோடி அறைக்காரி, "புல்லாவது வெசமாவது. ரெண்டு மாசமா தின்னப்ப சாகாத மாடு அன்னிக்கு மட்டும் ஏன் செத்துச்சாம்?" என்றாள்.

"அதுக்கு முந்தின வாரம் பீலியில சாக்கு அலசினது யாரு? நான் மட்டுமா? நீ அலசல? ஒன் மருமக அலசல? அம்புட்டு ஒரமும் அந்தப் புல்லுலதான் போயி நின்னுச்சு!" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

தலைவர் மெதுவாக, "அப்ப ஆத்தா தீர்ப்பு பொய்யாம்மா?" என்று கேட்டார். "ஆத்தா தீர்ப்பே சொல்லல. நாமதான் சொல்லிக்கிட்டோம். கந்தப்பன் மாமா குத்தமத்தவரு. நான் சொல்றது பொய்யின்னா ஆத்தா என் வீட்டுல கை வைக்கட்டும்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை அடித்தேன். எனக்குச் சரியாக அணைக்கத் தெரியவில்லை. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

நாலாம் நாள் வீரம்மாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. விடிந்து பார்த்தால் முகமெல்லாம் முத்து முத்தாக அம்மை.

அந்தக் காலையை நான் எப்படி எழுத? லயமே அவரவர் வாசலில் வந்து நின்று என் வாசலைப் பார்த்தது. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். தோட்டத்து மருந்துக்கார ஐயா வந்து பார்த்துவிட்டு, கீழ்க் கணக்கு லயங்களில் இன்னும் பல பிள்ளைகளுக்கு இருக்கிறது, ஊரோடு வருவதுதான் என்றார். யார் காதில் ஏறும்? என் காதிலேயே ஏறவில்லை. உன் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு நைட்ரேட், நைட்ரேட் என்று நீ எழுதிய அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்றுகூட எனக்கு அப்போது மறந்துவிட்டது. பொய்யாக இருக்குமோ? என் தம்பி அறியாமல் எழுதிவிட்டானோ? பிள்ளையை வைத்துச் சூது ஆடிவிட்டேனோ? உன்னைக்கூடத் திட்டினேன், அழகா. வாயில் வந்தபடி திட்டினேன்.

மறுநாள் பொழுது சாயும் நேரம் கந்தப்பன் மாமா வந்தார். அம்மாக்கண்ணுவும் வந்தாள். சத்தியம் பண்ணியதும் பிள்ளைக்கு அம்மை வார்த்ததும் ஆண்டியப்பன் மூலம் எட்டியதாம். றொசல்லையிலிருந்து நாவலப்பிட்டிக்குப் போய், கடையில் வேப்பிலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். நம் பக்கத்துக் குளிரில் ஏது வேப்ப மரம்?

லயத்து ஆட்கள் வழி விட்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. என் வாசலில் வந்து நின்றார். கை இரண்டையும் பின்னால் கட்டியிருந்தார். நான் அவர் காலில் விழுந்துவிட்டேன்.

"மாமா, ஆத்தா கோபத்துல வந்திருக்காளா? சொல்லுங்க மாமா. நான் பொய்யா சொன்னேன்?"

நிலைப்படி வழியே பிள்ளையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பிள்ளையப் பாக்க வந்திருக்கா. வந்தவள அழுது வெரட்டாத, எந்திரி."

கையை முன்னால் எடுத்தார். உள்ளே வந்து பிள்ளையின் நெற்றியில் வைத்தார். வேப்பிலையை நிலைப்படியில் சொருகினார். மீதியை மஞ்சளோடு அம்மியில் வைத்து அவரே அரைத்தார். அம்மாக்கண்ணு குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். கோடி அறைக்காரி அங்கே நின்றுகொண்டிருந்தாள். தன் குடத்தை எடுக்கவில்லை, தள்ளி வைத்து இடம் விட்டாள். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

இன்றைக்கும் காய்ச்சல் முழுக்க விடவில்லை. ஆனால் பிள்ளை கஞ்சி கேட்கிறாள். நீ இப்போது வராதே, அம்மை இருக்கிற வீடு. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு வா. கானோரத்துப் புல்லை வேரோடு பிடுங்கிவிட்டோம். மாமாவும் கூட நின்று பிடுங்கினார்.

இதை எழுத உட்கார்ந்தபோது அவர் அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தார். என் கோணல் எழுத்தைக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தார். பிறகு, "யாருக்கு, மாப்பிள்ளைக்கா?" என்று கேட்டார்.

மீனம்மா